பார்க்கிங் பாட்டு கேட்க டெக்சாஸ் போன கதை

கடந்த மே மாதம் ஒரு சனிக்கிழமை, கலிபோர்னியாவின் மில்பிடாஸிலிருந்து டெக்சாஸுக்குப் போய் ஒரு கிழட்டு ராக் இசைக்குழுவின் கச்சேரியைப் பார்த்துவிட்டு ஞாயிறு மதியம் வீடு திரும்பினேன். தனியாகப் போனேன், தனியாக வந்தேன். டிக்கெட் வாங்கியது என்னவோ இரண்டு பேருக்குத்தான். அதே ஊர்ப்பக்கம் கச்சேரி பார்க்கப் போகிறவர்களுக்கு உபயோகமாக இருக்கும் என்று எழுத உட்கார்ந்தேன். நடுவில் சொந்தக் கதையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழுவின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால், நான் எழுதும் தப்புக்கெல்லாம் விசிறிகள் சண்டைக்கு வருவார்கள். அமெரிக்காவின் தென் மாநிலத்துக்காரர்கள். ஐம்பது வருடமாக மேடை ஏறுகிறார்கள். மூன்று கிட்டார், ஒரு பியானோ, தலைக்கு ஒரு தொப்பி. 'இதுதான் எங்கள் கடைசிச் சுற்று' என்று ஏற்கெனவே இரண்டு முறை சொல்லி ஊரை ஏமாற்றியவர்கள். இந்த முறை பாடகருக்கு எழுபத்தேழு வயது, படியேறினாலே மூச்சு வாங்குகிறதாம். அதனால் நிஜமாகவே கடைசி என்று எல்லோரும் நம்பினோம்.

கோயமுத்தூர்க்காரர்களுக்கும் தெற்கத்தி ராக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எல்லாம் ஒரு சிடி செய்த வேலை. கல்யாணமான புதிதில் நியூ ஜெர்சியின் ஜெர்சி சிட்டியில் இருந்தோம். என் கணவர் செந்தில் ஒரு வங்கிக்கு ஒப்பந்த வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஜர்னல் ஸ்கொயரில் மூன்றாவது மாடி, ஒரு படுக்கையறை. மூவாயிரம் டாலருக்கு ஒரு பழைய கார் வாங்கினோம். முந்தைய சொந்தக்காரர் போட்ட சிடி உள்ளேயே சிக்கிக்கொண்டு வெளியே வரவில்லை. ரேடியோவும் எடுக்காது. ஆகவே நான்கு வருடம், எங்கே போனாலும், இந்தக் குழுவின் மேடைக் கச்சேரிப் பதிவு ஒன்றுதான்.

அதில் ஒன்பதாவது பாட்டு பதினான்கு நிமிடம். எடிசனில் மளிகை வாங்கிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வரும்போது சரியாக அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். செந்தில் இன்ஜினை அணைக்கமாட்டார். "ரெண்டே நிமிஷம் கவி, கிட்டார் முடியட்டும்" என்பார். நான் பால் கேனையும் அரிசி மூட்டையையும் பார்த்துப் பல்லைக் கடிப்பேன். எங்கள் வீட்டில் அதற்குப் பார்க்கிங் பாட்டு என்றே பெயர். அப்புறம் வேலை சான்டா கிளாராவுக்கு மாறியது, கார் மாறியது, மகள் பிறந்து வளர்ந்து கல்லூரி விடுதிக்கும் போய்விட்டாள். அந்தப் பாட்டை ஒரு தடவையாவது நேரில் கேட்டுவிட வேண்டும் என்ற அவருடைய ஆசை மட்டும் அப்படியே இருந்தது.

கலிபோர்னியா இந்தச் சுற்றில் இல்லை. ஜனவரியில் டெக்சாஸுக்கு இரண்டு டிக்கெட் போட்டோம், கட்டணம் எல்லாம் சேர்த்து தலைக்கு 112 டாலர். பிப்ரவரியில் என் மாமனார் தவறிப்போனார். செந்தில் அடுத்த விமானத்தில் ஊருக்குப் போனார். காரியம் முடிந்து, திரும்பி வருவதற்கான விசா ஸ்டாம்பிங்குக்கு அமெரிக்கத் தூதரகம் போனவரிடம், இன்னும் சரிபார்க்க வேண்டும் என்று ஒரு தாளைக் கொடுத்து பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இருபத்துமூன்று வருடம் இந்த நாட்டில் வரி கட்டிய மனுஷன், மூன்று மாதமாக அப்பாவின் அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறார். கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

டிக்கெட்டை விற்றுவிடலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. "நீயாச்சும் போயிட்டு வா. அந்தப் பாட்டு வர்றப்ப வாட்ஸப்ல கூப்பிடு, அது போதும்" என்றார். மகளும் "ஜஸ்ட் கோ, அம்மா" என்று சொல்லிவிட்டாள். இப்படித்தான், பிடிக்காத பாட்டைக் கேட்க 1,500 மைல் கிளம்பினேன்.

சான் ஹோசேயிலிருந்து காலை 7.10க்கு ஆஸ்டினுக்கு நேர் விமானம். போக வர 286 டாலர். மூன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டு மணி நேரம் முன்னால் ஓடும் ஊர் என்பதால் இறங்கும்போது அங்கே மதியம் 12.35. வாடகைக் கார் ஒரு நாளைக்கு 64 டாலர். தெற்கே 46 மைலில் ஒரு சின்ன ஊரில் அறை, வரியோடு 119. நெடுஞ்சாலையில் எல்லோரும் எண்பதில் பறக்கிறார்கள், நான் அறுபத்தைந்தில் போனேன். நீண்ட தூரம் என்றால் செந்தில்தான் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்லுவேன். குறை சொல்ல ஆள் இல்லாமல் ஓட்டுவது எவ்வளவு அலுப்பு என்று அன்றைக்குத் தெரிந்தது.

கச்சேரித் திடல் விடுதியிலிருந்து ஒன்பது மைல். காரை எடுத்துப் போகாதீர்கள், பார்க்கிங் மட்டும் 40 டாலர், வெளியே வர ஒரு மணி நேரம். விடுதி வாசலிலிருந்தே வேன் விடுகிறார்கள், போக வர 20. ஓட்டுநர் வெள்ளை மீசைக்காரர். எத்தனை பேர் என்று கேட்டார். வாய்ப்பழக்கத்தில் இரண்டு என்றுவிட்டேன். இன்னொருவர் எங்கே என்றார். கோயமுத்தூரில் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, அது டெக்சாஸில் லபக் ஊரைத் தாண்டியா, இந்தப் பக்கமா என்று கேட்டார். கொஞ்சம் தாண்டித்தான் என்று சொல்லி ஏறிக்கொண்டேன்.

ஐந்து மணிக்குக் கதவு திறந்தார்கள். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பைதான் அனுமதி. வெளிச் சாப்பாடு கூடாது. சைவக்காரர்களுக்கு உள்ளே சீஸ் ஊற்றிய சிப்ஸும் சுட்ட சோளமும்தான், அதனால் நான் கொண்டுபோன புளிச்சோற்றை வேனிலேயே முடித்துவிட்டேன். சரிவான புல்மேட்டில் நீளப் பலகை இருக்கைகள், பின்னால் ஓக் மரங்கள். மே மாதமே 93 டிகிரி வெயில். வந்தவர்களில் பாதிப் பேருக்கு எழுபது இருக்கும். அவ்வளவு கூட்டத்தில் சல்வார் போட்டது நான் ஒருத்திதான்.

பக்கத்தில் ஒரு உயரமான அம்மா. சான் அன்டோனியோவில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவராம், இது அவருக்கு இருபத்தாறாவது கச்சேரி. என் கதையைச் சொன்னேன். போனை நான் பிடித்துக்கொள்கிறேன், உன் உயரத்துக்கு முன்னால் இருக்கிறவன் தொப்பிதான் தெரியும் என்றார். நியாயமான பேச்சு. பார்க்கிங் பாட்டு எப்போதும் கடைசியில்தான் வரும், அதுவரை பேட்டரியைச் செலவழிக்காதே என்றும் சொல்லிவைத்தார்.

சரியாக ஏழு மணிக்கு மேடைக்கு வந்தார்கள். பாடகரை இருவர் கைத்தாங்கலாக அழைத்து வந்து உயரமான ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். மைக்கைப் பிடித்து, மூச்சு இருக்கும்போதே பெரியதை முடித்துவிடுகிறேன் என்றார். பியானோ ஆரம்பித்தது. இரண்டு சுரம் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதே பாட்டு. முதல் பாட்டாகவே வந்துவிட்டது.

அவசரமாகக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டேன். அந்த அம்மா போனை வாங்கித் தலைக்கு மேல் மேடையைப் பார்த்து நீட்டினார், அப்போதும் மணிதான் அடித்துக்கொண்டிருந்தது. அங்கே இப்போது மணி என்ன என்று கேட்டார். காலை ஏழரை, விழித்துத்தான் இருப்பார் என்றேன். சொல்லும்போதே பொறி தட்டியது. போனை வாங்கிப் பார்த்தேன். கோயமுத்தூரில் ஐந்தரை.

கலிபோர்னியாவில் இருக்கும் நம் ஆட்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. இங்கே மணி என்னவோ அதோடு அரை மணி கூட்டு, ராத்திரியைக் காலையாக மாற்று, இந்திய நேரம் வந்துவிடும். வருடக்கணக்கில் ஊருக்குப் போன் செய்து அது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது. டெக்சாஸ் ஏழு மணிக்கும் அதே கணக்கைப் போட்டு, ஏழரைக்குத் தயாராக இருங்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் தகும். மொத்தம் பதினொரு தடவை கூப்பிட்டேன்.

பன்னிரண்டாவது தடவைக்குப் போகாமல் அந்த அம்மா என் கையைப் பிடித்து, அவர் தூங்கட்டும், நீ கேள் என்றார். கேட்டேன். பழைய கிட்டார்க்காரர் இருவரில் ஒருவருக்கு விரல் வளையவில்லை, வேகமான இடங்களை ஓர் இளைஞர் வாசித்தார். ஆனால் எல்லாம் அடங்கி ஒரே ஒரு கிட்டார் இழுத்து இழுத்துப் போகும் இடம் வந்ததும் இளைஞர் ஒதுங்கிக்கொண்டார். பெரியவர் கண்ணை மூடி வாசித்தார். ஒரு சுரத்தை விட மனசில்லாமல் பிடித்துக்கொண்டே நின்றார். இதற்காகத்தான் அந்த மனுஷன் இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பக்கத்தில் அவர் இருக்க வேண்டும் என்று உடம்பெல்லாம் தவித்தது. என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

மற்ற பாட்டுகளைப் பற்றி எழுத எனக்கு எதுவும் நினைவில்லை. எட்டரை மணிக்கு முடித்து, எல்லோரும் கைகோத்துக் குனிந்து வணங்கினார்கள். வெளிச்சம் இன்னும் போகவில்லை. வேன் வரிசையில் நிற்கும்போது, 8.50க்கு, செந்தில் கூப்பிட்டார்.

"மன்னிச்சிருங்க" என்று ஆரம்பித்தேன். "டைம் தப்பா சொல்லிட்டேன். முதல் பாட்டே அதுதான். பதினொரு தடவை கூப்பிட்டேங்க. நீங்க தூங்கிட்டிருந்திருப்பீங்க."

"தூங்கல கவி."

"என்ன?"

"நீ ஏழரைன்னு சொன்னப்பவே தெரியும், டெக்சாஸுக்கு அஞ்சரைன்னு. நான்தான் திருத்தல. அஞ்சு மணிக்கே எந்திரிச்சு உக்காந்திருந்தேன். போனு கையிலதான் இருந்துச்சு."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் குரல் உயர்ந்திருக்க வேண்டும். "கையில வச்சுட்டு ஏங்க எடுக்கல? நான் இங்க பைத்தியக்காரி மாதிரி..."

"எடுத்துக் கேட்டுட்டா அதோட முடிஞ்சிரும்ல" என்றார். "கேட்டாச்சுன்னு ஆயிரும். இத்தனை வருஷம் காத்திருந்துட்டு, அதை இங்க அப்பா ரூம்ல, இத்தனூண்டு போன்ல முடிச்சுக்க மனசு வரல."

"அப்புறம் எதுக்கு என்னைப் போகச் சொன்னீங்க?"

"ரெண்டு பேர்ல ஒருத்தராச்சும் அங்க இருக்கோணும்ல."

வேன் வந்து, அதே மீசைக்காரர் கதவைத் திறந்தார். நான் அழுதுகொண்டே ஏறினேன். அவர் ஏசியைக் கூட்டினார். விடுதி வரை ஒன்பது மைலும் செந்தில் லைனில் இருந்தார்.

இனி, போகிறவர்களுக்கு. சனிக்கிழமை போய் ஞாயிறு திரும்புவது தாராளமாக முடியும், மொத்தம் எனக்கு டிக்கெட் நீங்கலாக 550 டாலருக்குள் அடங்கியது. தொப்பியும் தண்ணீரும் அவசியம். தண்ணீர் பாட்டில் காலியாக இருந்தால் உள்ளே விடுவார்கள். மேட்டின் இடது பக்கம் ஆறு மணிக்கே நிழல் வந்துவிடும், அங்கே இடம் பிடியுங்கள். வயதான இசைக்குழு என்றால் முதல் பாட்டுக்கே இருக்கையில் இருங்கள், பெரியதைக் கடைசிக்கு வைத்திருப்பார்கள் என்று நம்பாதீர்கள். ஊருக்குப் போன் செய்வதாக இருந்தால் போனைப் பார்த்து நேரம் சொல்லுங்கள், மனக்கணக்கு வேண்டாம்.

கடைசிச் சுற்று என்றவர்கள் வழக்கம்போல வாக்கு மாறிவிட்டார்கள். அக்டோபரில் நியூ ஜெர்சியில் ஒரு நிகழ்ச்சி சேர்த்திருக்கிறார்கள். டிக்கெட் இரண்டு விதம். வர முடியாவிட்டால் பணம் திரும்பக் கிடைப்பது 168 டாலர், கிடைக்காதது 121. விசாவுக்குக் காத்திருக்கிறவர்கள் யோசிக்காமல் 168 டாலர் டிக்கெட்டையே வாங்குங்கள், அதுதான் புத்திசாலித்தனம். இதை எழுதும் இன்றுவரை செந்திலின் பாஸ்போர்ட் வரவில்லை.

நான் 121 டாலர் டிக்கெட்டில் இரண்டு வாங்கிவிட்டேன்.