மஞ்சள் விழுந்த வாத்துக்கறி

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். எழுத்து கோணலாக வரும், முன்னே நடந்தது பின்னே போய்விடும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சாரல் காலம் முடிந்த பிறகும் ஒரு சொல் மனதைக் குடைந்துகொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

என் மகள் பிரான்சில் வேலை பார்க்கிறாள். அந்த ஊர்க்காரரையே கட்டிக்கொண்டாள். அவளுடைய பிரசவத்துக்குப் போயிருந்தபோது, மருமகன் ஒரு நாள் காலையில் ஒரு கண்ணாடிக் குப்பியைத் திறந்தார். மேலே வெள்ளையாக உறைந்த கொழுப்பு, கீழே நார்நாராக வாத்துக்கறி. சூடு பண்ணாமல் அப்படியே ரொட்டியில் தடவி என்னிடம் நீட்டினார். உறைந்த கொழுப்பை நம் வீட்டில் யார் தின்பார்கள்? வேண்டாம் என்று சொல்ல பாஷை இல்லாததால் கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்தேன். உப்பும் மிளகுமாகக் கரைந்து இறங்கிற்று. அதற்குப் பேர் ரியெத் என்றாள் மகள்.

மறுநாளிலிருந்து என் கண் ஃபிரிட்ஜ் பக்கமே போனது. கேட்கக் கூச்சம். மருமகன் அதைக் கவனித்துவிட்டு, தினமும் ஒரு துண்டு தடவி என் தட்டில் வைத்துவிடுவார்.

இந்தச் சாரலுக்கு அவர்கள் குற்றாலம் வருவதாகச் சொன்னதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மருமகன் போன தடவை நம் காரம் தாங்காமல் தயிர்ச்சோறும் வாழைப்பழமுமாக நாளைக் கழித்தவர். இந்த முறை ஒரு வேளையாவது என் வீட்டில் அவர் பிடித்துச் சாப்பிட வேண்டும்.

தென்காசியில் பெரிய கடை ஒன்றில், ரொட்டியில் தடவுகிற கறி இருக்கிறதா என்று கேட்டேன்.

"கறியில ஜாமா ஆச்சி? பழத்துலதான் இருக்கு" என்று கடைப்பிள்ளை சிரித்தாள்.

செங்கோட்டையில் கேரளச் சாமான் விற்கும் அண்ணாச்சி இறைச்சி அச்சார் என்று ஒரு கறி ஊறுகாய் தந்தார். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்ததுமே காரத்தில் எனக்குத் தும்மல்.

கடைசியில் வாத்து வாங்கி நானே செய்தேன். மகள் போனில் சொன்னபடி உப்பு, மிளகு, பூண்டு, வாத்தின் கொழுப்பு. சிறு தீயில் நார் பிரியும்வரை வேக வேண்டும். மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றேன். தங்கச்சி எட்டிப் பார்த்தாள்.

"ஏ யக்கா, மஞ்ச போடாம கறியா? காய்ச்சக்காரனுக்கா ஆக்குத?"

"சும்மா கெட ட்டி. அவுக ஊர்ல இப்படித்தான்."

சொல்லிக்கொண்டே இருக்கிறேன், கை தானாக அஞ்சறைப் பெட்டிக்குப் போய் மஞ்சளை எடுத்துப் போட்டுவிட்டது. கறியைக் கண்டால் அதற்கு வேறென்ன தெரியும்? தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. ஆறியதும் மேலே உறைந்த கொழுப்பும் மஞ்சளாகவே இருந்தது.

அருவியில் குளித்துவிட்டு வந்தார்கள். பேக்கரி ரொட்டி இனித்ததால் மருமகன் அதை ஒதுக்கிவிட்டு, பரோட்டாவைப் பிய்த்து அதில் கறியைத் தடவினார். மென்று முடித்து, "பா மால்" என்றார்.

"என்னட்டி சொல்லுதாவ?"

"பரவாயில்லன்னு சொல்லுதாவ ம்மா."

பரவாயில்லையா! பிடிக்காததைத் தின்றுவிட்டு, ஆக்கினவள் மனம் நோகாமல் இருக்க நாமும் அதைத்தானே சொல்லுவோம்? ஆனால் இன்னொரு பரோட்டாவும் எடுத்தார். பசிக்கா, எனக்காகவா? மகளிடம் திரும்பக் கேட்கக் கூச்சமாக இருந்தது. அவர்கள் ஊருக்கும் போய்விட்டார்கள்.

பிரெஞ்சு தெரிந்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால், ரியெத் என்று நான் எழுதியது சரிதானா என்று திருத்துங்கள். அப்படியே அந்த "பா மால்" நம் பரவாயில்லைதானா, அதைவிடக் கொஞ்சம் மேலேயா என்றும் விசாரித்துச் சொல்லுங்கள்.