பொம்மைக்கு வைத்த பொட்டு

எங்கள் பனியன் கம்பெனியில் துணிக்கு அளவு வரைந்து கொடுக்கும் பேட்டர்ன் மாஸ்டரை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. ஒல்லியான மனிதர். கழுத்தில் எப்போதும் இஞ்ச் டேப் தொங்கும். பருமனான பெண்களுக்கான எக்ஸ்போர்ட் ஆர்டரில்தான் கம்பெனியே ஓடியது. அளவு பார்ப்பதற்காக, பெரிய வயிறும் அகன்ற இடுப்புமாக ஒரு பெண் பொம்மையை வெளிநாட்டிலிருந்து அனுப்பியிருந்தார்கள். தினமும் காலையில் மாஸ்டர் அதைத் துடைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். "என்ன அம்சமான உடம்புங்க!" என்பார்.

ஆயுத பூஜையன்று மெஷின்களோடு அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்தார். பிறகு தட்டில் பொரியும் சுண்டலும் ஏந்தி எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டே வந்தவர், என்னிடம் வந்ததும் கையை நிறுத்திக்கொண்டார்.

"உனக்கெதுக்கு கண்ணு? இப்பவே கதவுல ஒருக்களிச்சுத்தான் நொழையறே. எவன் கட்டிக்குவான்?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"மாஸ்டர், அந்தப் பொம்மைக்கும் எனக்கும் ஒரே அளவுதானுங்க. டேப்பை வெச்சுப் பாருங்க."

"அது நமக்குச் சோறு போடுது கண்ணு."

"அதுக்குத் துணி தெக்கிறது நானுங்க."

தட்டிலிருந்து இரண்டு கையாலும் அள்ளி, அவர் முகத்தைப் பார்த்தபடியே தின்றேன். கழுத்தில் கிடந்த டேப்பை அவர் தொடவே இல்லை.