மிஷின் ஒடிச்ச செபமாலை

எங்கள் எஸ்டேட்டில் இரண்டு செபமாலையம்மாள்கள் உண்டு. மேல் லயத்து வீட்டு வரிசையில் இருப்பவள் நெட்டைச் செபமாலை. கீழ் லயத்தில், என் வீட்டுக்கு மூன்று வாசல் தள்ளி இருப்பவளுக்கு 1978 ஆடி மாதத்திலிருந்து 'மிஷின் ஒடிச்ச செபமாலை' என்று பெயர். தபால்காரர்கூட அப்படிக் கேட்டுத்தான் அவள் மகளின் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். அவள் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தால் இந்தப் பெயரில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த மிஷினை அவள் ஒடிக்கவில்லை. கெடுத்தவன் நான், சூசையப்பன், ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் தீ போடுகிறவன்.

சாத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி எங்கள் எஸ்டேட் இருக்கிற சக்குபள்ளத்துக்கு வந்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது. புருஷன் பாம்பு கடித்துப் போய்ச் சேர்ந்தான். ஒரே மகளை வளர்த்துக் கம்பம் ஊரில் கட்டிக் கொடுத்தாள். இதெல்லாம் எஸ்டேட்டில் பாதிப் பெண்களுக்கு நடந்ததுதான். அவளிடம் தனியாகச் சொல்ல ஒன்று உண்டென்றால் அது கை. ஏல நாற்றைப் பிடுங்கி வேறு இடத்தில் நடும்போது மற்றவர்கள் கையில் நூற்றில் பத்து நாற்றுக்காவது கழுத்து முறியும். அவள் கையில் ஒன்றுகூட முறியாது. அதனால் கங்காணி சங்கையா அவளை நாற்றங்காலை விட்டு வேறு வேலைக்கு அனுப்புவதே இல்லை. சங்கையா யாரையும் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன். அவரே, "அவ கைய அங்கனயே விடுங்கடே" என்பார்.

அந்த ஆடியில் என் மச்சினன் மிக்கேல் லீவில் வந்தான். கப்பலில் சமையல்காரன். என் வீட்டுக்காரி ஞானஜோதிக்கு ஒரே தம்பி, ஆகவே அவன் வந்தால் என் வீட்டில் எனக்கு மூன்றாவது இடம். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பிளாஸ்டிக் சாமானைப் பையிலிருந்து எடுத்தான். பொத்தானைத் தட்டினால் சின்னக் கண்ணாடிக்குள் சிவப்புக் கோடுகள் மேலிருந்து கீழே ஓடும். அதெல்லாம் எதிரே வருகிற கார்களாம். கீழே இருக்கிற ஒரு கோடு நம்முடைய கார். இடதும் வலதும் பொத்தானை அமுக்கி மோதாமல் தப்பிக்க வேண்டும். மோதினால் 'கீக்' என்று கத்தும்.

குமுளி மலைப்பாதையில் பஸ் ஏறி வருகிறவர்களுக்கு இந்த விளையாட்டைச் சொல்லித்தரவா வேண்டும்? லயமே பைத்தியமாகிவிட்டது. முதல் நாள் எல்லாரும் மோதினோம். மறுநாள் சாயங்காலம் செபமாலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, நான் ஒருக்கா பாக்கட்டா?" என்று கேட்டு வாங்கினாள். பொத்தான்மேல் கட்டைவிரல் பட்டதா இல்லையா என்றே தெரியவில்லை. கார் மட்டும் சந்து சந்தாகப் புகுந்து போனது. 'கீக்' சத்தம் வரவே இல்லை. மிக்கேல் வாயைப் பிளந்தான். "அக்கா, எங்க கப்பல்ல ஒருத்தனும் இப்படி ஓட்டுனதில்ல" என்றான்.

அப்புறம் அவன் கதையை அவிழ்த்துவிட்டான். துறைமுக ஊர்களில் பீரோ உயரத்துக்குப் பெரிய பெரிய பெட்டிகள் நிற்குமாம். ஒன்றில் இரண்டு மட்டையும் ஒரு பந்தும். ஒன்றில் பந்தை அடித்துச் செங்கல் சுவரை உடைப்பது. இன்னொன்றில் நீர்மூழ்கிக் கப்பலில் இருந்து மேலே போகிற கப்பலைச் சுடுவது. அதையெல்லாம் சுருக்கி இதேமாதிரி உள்ளங்கைக்குள் கொண்டுவந்துவிடுவார்கள் என்று பேச்சாம்.

அவ்வளவுதான், எங்களுக்குள் சண்டை. யாரும் கண்ணால் பார்க்காத விளையாட்டுகளில் எது முதலில் கைக்குள் வரவேண்டும் என்று மூன்று நாள் வாக்குவாதம் நடந்தது. சங்கையாவுக்கு நீர்மூழ்கிக் கப்பல்தான் வேண்டும். கடலையே பார்த்திராத மனுஷன்! நான் சுவர் உடைப்பதற்காகத் தொண்டை வறளக் கத்தினேன். செபமாலை, "மட்டப் பந்துதான் வரணும். அதுல எதுக்க ஒரு ஆளு நிக்கும்லா? தனியா ஆடுறதுல என்ன இருக்கு?" என்றாள். தனியாக இருக்கிறவள் சொன்னதால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஸ்டோரில் சூடு குறிக்கிற தாளின் பின்பக்கம் மிக்கேல் பட்டியல் எழுதினான். முதல் வரியில் மட்டைப் பந்து. "கெடச்சா வாங்கிட்டு வாரேன்" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவன் தூத்துக்குடியில் சித்தியைப் பார்க்கப் பத்து நாள் போனான். "அத்தான், பத்திரம்" என்று மிஷினை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

எங்கள் ஊர் ஆடி மழையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தீப்பெட்டி உரசாது, உப்பு ஒழுகும், ஜெபப் புத்தகம் வீங்கும். எதற்கு ஈரம் ஏறினாலும் எல்லாரும் ஸ்டோருக்குத்தான் கொண்டுவருவார்கள். பச்சைக்காயைப் பரப்பி உலர்த்துகிற அறை அது. வெளியே அடுப்பில் விறகு எரியும், சூடு தரையோடு போகிற குழாயில் ஓடும், அதற்கு மேலே அடுக்கடுக்காகக் கம்பிவலை டிரேக்கள். காயைத் தவிர வேறெதையும் டிரேயில் வைக்கக்கூடாது என்பது எஸ்டேட் சட்டம். வாடை ஏறினால் காய் போச்சு. எனக்கு முன்னால் இருந்த ஸ்டோர்க்காரர் கருவாடு காயவைத்து மாட்டிக்கொண்டு மூட்டை கட்டினவர். சட்டம் அப்படி இருந்தாலும் நாங்கள் வைப்போம். என் கல்யாணப் போட்டோவே அங்கே காய்ந்ததுதான்.

ஒரு புதன்கிழமை மத்தியானம், கஞ்சி குடிக்கிற நேரத்தில் செபமாலை ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தாள். திடீரென்று சிவப்புக் கோடுகள் மங்கின. "அண்ணே, இது மங்குதுண்ணே. ஈரம் ஏறிருச்சு போல" என்று என்னிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். கண்ணாடிக்குள் பனி பிடித்திருந்தது. நான் யோசிக்கவே இல்லை. தீப்பெட்டியை வைப்பதுபோல அடி டிரேயில் குழாய்க்கு நேர் மேலே வைத்தேன். அரை மணி நேரம் போதும் என்று நினைத்தேன். அதற்குள் பச்சைக்காய் மூட்டைகள் வந்தன. எடை போட்டுப் பரப்பி முடிக்கும்போது சாயங்காலம் நாலு மணி.

மிஷின் டிரேயோடு ஒட்டியிருந்தது. பிய்த்து எடுத்தேன். பொத்தான் இருக்கிற இடம் குழிந்து, உள்வாங்கி, செத்துப் போயிருந்தது. பின்பக்கம் முழுக்கக் கம்பிவலையின் கட்டங்கள். அதைப் பார்த்தால் எங்கள் எஸ்டேட்டில் பால்குடிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும், எங்கே வைத்தது என்று. பின்பக்கத்தில் பிளாஸ்திரி ஒட்டினேன். துணியில் சுற்றி வீட்டுப் பெட்டியில் வைத்தேன். ஞானஜோதியிடமும் சொல்லவில்லை.

மிக்கேல் வந்து துணியைப் பிரித்தான். முகம் செத்துப்போனது. "என்னத்தான் இது?"

"பேட்டரி மூடி கழண்டுது, ஒட்டி வச்சேன்" என்றேன். அவன் கேட்டது அது இல்லை.

ஞானஜோதி சும்மா இருக்காமல், "கடைசியா செபமால அக்காதான வச்சிருந்தாவ" என்றாள்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன்தான், அதுதான் கேடு. "அவ கொஞ்சம் அழுத்தித்தான் அமுக்குவா" என்றேன்.

மிக்கேல் குழிந்த இடத்தில் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தான். சரியாகப் பொருந்தியது. "எம்மாடி! அமுக்குன அமுக்குல வளைஞ்சே போச்சே!" என்று சிரித்துவிட்டான். நல்ல மனசுக்காரன், கோபப்படவில்லை. அந்தச் சிரிப்பு அடுத்த வீட்டுக்குப் போய், அங்கிருந்து மேல் லயத்துக்கும் போய், மறுநாள் காலையில் பெயராகத் திரும்பி வந்தது.

வேலை போய்விடும் என்று பயந்து சொல்லவில்லை என்றுதான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. கப்பலில் போய்வந்த மச்சினன் முன்னால், விளையாட்டுச் சாமானைக் கருவாடு மாதிரி காயவைத்த காட்டான் என்று நிற்க எனக்கு மனசில்லை. இந்த அற்ப காரணத்துக்குத்தான் அவளைப் பலி கொடுத்தேன்.

செபமாலை மறுத்துச் சண்டை போட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் நம்பிவிட்டாள். தன் கையில் இருக்கும்போதுதானே கோடுகள் மங்கின! மிக்கேலிடம் வந்து, "தெரியாமப் பண்ணிட்டேன் தம்பி" என்று கும்பிட்டாள். நான் அப்போது பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன்.

ஒரு வாரத்தில் நாற்றங்காலில் ஒரு நாற்று அவள் கையில் முறிந்தது. எல்லார் கையிலும் முறிகிறதுதான். சங்கையா விடுவாரா? "மிஷினையே ஒடிச்ச கை, நாத்து எம்மாத்திரம்? பலமுள்ள கைக்கு வெறகுதாம் லாயக்கு" என்று அவளை விறகு சுமக்க அனுப்பினார். விறகு எங்கே வரும்? என் ஸ்டோருக்குத்தான். தினம் ஆறு நடை அவள் என் முன்னால் சுமையை இறக்கினாள். நான் அந்த விறகை வாங்கி அதே அடுப்பில் போட்டேன்.

ஒருநாள் சுமையை இறக்கிவிட்டுப் போகாமல் நின்றாள். உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள். "அண்ணே, நீங்க கிட்டத்துல இருந்து பாத்தவுக. நான் அவ்வளவுக்கா அழுத்துனேன்?"

அடுப்பு எரிகிறது. டிரே இரண்டு எட்டில் இருக்கிறது. கையைக் காட்டி ஒரு வார்த்தை சொன்னால் போதும். "விடு தாயி, மிஷின்தானே" என்றேன். பெரிய மனசோடு மன்னிக்கிறவன் மாதிரி! அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. மறு வருஷம் பெரிய வியாழனுக்கு முந்தின நாள், ஆனைக்கரைக் கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றோம். அவள் எனக்கு முன்னால். சொல்லிவிட்டு வெளியே வந்தவள் முகம் கழுவின மாதிரி இருந்தது. "சாமியார்ட்ட சொல்லிட்டேண்ணே, பிறத்தியார் பொருளக் கெடுத்தத. பத்து அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொல்லிருக்காரு" என்று என் காதில் சொல்லிவிட்டு முழங்காலில் உட்கார்ந்தாள். நான் உள்ளே போய், இரண்டு ஞாயிறு பூசைக்கு வராததையும் பெண்டாட்டியை ஏசினதையும் சொல்லி எழுந்து வந்தேன். என் பாவத்துக்கான மந்திரத்தை அவள் முன் பெஞ்சில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

1979 கிறிஸ்மஸுக்கு மிக்கேல் மறுபடி வந்தான். திருநாள் அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் என் வீட்டு வாசலில் கூடியிருந்தோம். அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தான். ஸ்டோரில் சூடு குறிக்கிற தாள். "மொத வரி, மட்டப் பந்து. கைக்குள்ள வந்தாச்சு!" என்று சொல்லி ஒரு புது மிஷினைத் தூக்கிக் காட்டினான். இரண்டு சிவப்புக் கோடுகள் மட்டை, ஒரு சிவப்புப் புள்ளி பந்து. ஓரத்துக்கு ஒரு பொத்தானாக இரண்டு பேர் எதிரெதிரே ஆடலாம்.

"கேட்டவ யாரு? வாங்கக்கா" என்றவன் உடனே மிஷினைப் பின்னால் மறைத்துக்கொண்டான். "பாக்கத்தான் கூப்பிட்டேன். தொடக்கூடாது!" எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். செபமாலையும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். அந்தக் கைகள் உள்ளே போனதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்குள் போய், மிக்கேல் விட்டுப்போன பழைய மிஷினை எடுத்துவந்தேன். பிளாஸ்திரியைப் பிய்த்துப் பின்பக்கத்தைக் காட்டினேன். "இது அவ ஒடிக்கல. நான்தான் டிரேயில காயவச்சேன். அழுத்துவான்னு சொன்னதும் பொய்" என்றேன். பதினேழு மாதம் தொண்டையில் கிடந்தது மூன்று வரியில் முடிந்துவிட்டது.

சங்கையா கட்டங்களைத் தடவிப் பார்த்தார். "கருவாடு தேவல" என்றார். ஞானஜோதி என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள். மிக்கேல்தான், "அட, இவ்வளவுதானா அத்தான்? அன்னைக்கே சொல்லிருக்கலாமே" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் நான் கூனிக் குறுகிப்போனேன். அன்றைக்குச் சொல்லியிருந்தாலும் இதேபோலத்தான் சிரித்திருப்பான். இவ்வளவுக்குத்தான் அவள் விறகு சுமந்தாள்.

செபமாலை என்னை ஏசவில்லை. நான் புது மிஷினை வாங்கி அவள் கையில் வைத்தேன். ஒரு பக்கப் பொத்தானில் அவள், எதிர்ப்பக்கம் நான். அவள் ஆசைப்பட்டபடி எதிரே ஒரு ஆள். அந்த ஆள் நானாக இருந்ததுதான் சரியில்லை.

பந்து அவள் பக்கம் போனது. அவளுடைய மட்டை நகரவில்லை. 'கீக்'. மறுபடியும் போனது. மட்டை அப்படியே நின்றது. பொத்தான் கெட்டிருக்கிறதோ என்று மிக்கேல் வாங்கி அமுக்கிப் பார்த்தான். நன்றாகத்தான் நகர்ந்தது. திருப்பிக் கொடுத்தான். மறுபடியும் 'கீக்'. குனிந்து அவள் கட்டைவிரலைப் பார்த்தேன். பொத்தான்மேல் இருந்தது, பொத்தான் மட்டும் கொஞ்சமும் அமுங்கவில்லை.

"அழுத்து தாயி" என்றேன்.

"அழுத்திக்கிட்டுத்தான்ணே இருக்கேன்" என்றாள்.