சத்தம் பார்த்து வாங்கிய லேப்டாப்

போன வாரம் மகள் மீனா எனக்கு ஒரு லேப்டாப் வாங்கி வந்தாள். "எப்பவும் பழைய கதையாட்டு சொல்லிட்டே இருக்கீங்கல்லா, இனி இதுல எழுதுங்க. எங்க காதுக்கும் கொஞ்சம் ரெஸ்ட்டு" என்றாள். பெட்டியைத் திறந்ததும் ஒரு வாசனை வந்தது. புது அட்டையும் பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில், அதாவது கடைத்தெருவில், என் கடையில் எவர்சில்வர் பாத்திரக் கட்டைப் பிரிக்கும்போதும் கிட்டத்தட்ட இதே வாசனைதான் அடிக்கும். கூடக் கொஞ்சம் வைக்கோல் தூசி இருக்கும், அவ்வளவுதான்.

ஒற்றை விரலால் இதை அடித்துக்கொண்டிருக்கிறேன். மெல்லிசான, அழகான பொருள். ஆனால் எழுத்துக் கட்டையை அமுக்கினால் சத்தமே இல்லை. தலையணையில் விரலை வைத்த மாதிரி இருக்கிறது. முதன்முதலில் லேப்டாப் வாங்கப் போன அன்றைக்கு இப்படிப்பட்டதை நான் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

நான் ஏழாம் வகுப்பு வரைதான் படித்தவன். நாகர்கோவிலில் பஸ் ஏறி இந்த ஊரில் இறங்கும்போது கையில் ஒரு துணிப்பை. பாத்திரக் கடையில் புளி வைத்துப் பித்தளை தேய்க்கிற வேலையில் தொடங்கி, அதே வரிசையில் சொந்தமாகக் கடை போட்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், வேறு எதற்கு? ஒரு குடத்தை நகத்தால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், கனம், கலப்பு, ஒட்டு எல்லாம் சொல்லிவிடுவேன். பாத்திரத்தில் பெயர் வெட்டுவதும் நானேதான். ஊர் அப்படிப்பட்ட ஊர். ஒரு வீட்டுக்கு மலையாளத்தில் வெட்ட வேண்டும், ஒரு வீட்டுக்குத் தமிழில், ஆபீஸ் உத்தியோகக்காரர்களுக்கு இங்கிலீஷில். அப்படித்தான் இங்கிலீஷ் எழுத்து எல்லாம் எனக்குப் பழக்கம். அர்த்தம் ஒன்றும் தெரியாது. எழுத்து மட்டும் உளி முனையில் இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

என் மனைவி சிவகாமி இதே ஊரில், வலியசாலையில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், வேலைக்குப் போன வக்கீல் ஆபீஸில் இங்கிலீஷ் டைப்ரைட்டிங். தமிழ் பேசுவாள், பாடுவாள், திட்டுவாள், ஆனால் எழுதத் தெரியாது. இங்கே எத்தனையோ தமிழ் வீடுகளில் அப்படித்தான். அவள் திட்டுகிற அழகுக்கு எங்கள் தெருவில் தனி மதிப்பு உண்டு. காய்கறிக்காரி கூடைகளை இறக்கி வைத்துவிட்டு நின்று கேட்டுவிட்டுப் போவாள்.

இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். சிவகாமியின் தொண்டையில் ஒரு கட்டி. அதை எடுத்தபோது குரலும் கூடப் போயிற்று. உயிர் பிழைத்தாளே என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அந்த அமைதி இருக்கிறதே, கடை அடைத்த கம்போளத்தில் நடக்கிற மாதிரி இருந்தது. ஒரு தாளில் மலையாளத்தில் எழுதிக் காட்டுவாள். பஸ் போர்டு அளவுக்குத்தான் எனக்கு மலையாளம் வாசிக்க வரும். நான் கூட்டி வாசித்து முடிப்பதற்குள் அவளுக்குச் சொல்ல வந்தது ஆறிப்போகும். பாதியிலேயே தாளை மடித்து வைத்துவிடுவாள். நாளாக ஆக, எழுதுவதையும் நிறுத்திவிட்டாள். சும்மா ஜன்னலருகே உட்கார்ந்து, மடியில் விரல்களை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பாள். அது டைப் அடிக்கிற அசைவு என்று எனக்குப் புரிய வாரக்கணக்கானது.

மீனாதான் சொன்னாள், லேப்டாப் வாங்கலாம் என்று. மேசைக் கம்ப்யூட்டர் வேண்டாம் என்றது நான். பேச்சு என்றால் அடுப்படிக்கும் போகும், கிணற்றடிக்கும் போகும். அதை மேசையில் கட்டிப்போட முடியுமா?

ஸ்டாச்சு ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு கடைக்குப் போனோம். நல்ல மழை. கடைக்காரர் மோகனன் எனக்குக் கம்போளத்திலேயே பழக்கம். நம் கைக்கு அடங்குகிற விலையில் ஏழெட்டை மேசையில் பரப்பினார்.

"அண்ணாச்சி, மெமரி இதுல கூடுதலாக்கும். பின்னே ஹார்ட் டிஸ்க்கும் நோக்கணும்."

"அதெல்லாம் உள்ள கிடக்கிறது மோகனா. எனக்கு வெளிய கேக்கணும்."

சொல்லிக்கொண்டே பழக்கதோஷத்தில் ஒரு லேப்டாப்பின் மூடியை நகத்தால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டேன். மோகனன் பதறிப் பிடித்துக்கொண்டார்.

"அய்யோ அண்ணாச்சி, இது குடமா? உள்ள கண்ணாடியாக்கும்."

"ஒட்டு சரியில்ல" என்றேன் நான். மீனா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சிவகாமியை ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார வைத்தேன். நான் போய் வாசலில், மழையைப் பார்த்தபடி, முதுகைக் காட்டி நின்றேன். அடுப்படியில் அவள் கூப்பிட்டால் முன்வாசலில் எனக்குக் கேட்க வேண்டும், அதுதான் கணக்கு. முதலாவது கேட்கவில்லை. இரண்டாவது, எலி நடந்த மாதிரி. விலை கூடின ஒன்றை மோகனன் திறந்து வைத்தார். அதில் அவள் அடித்தாளா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை.

"ஒச்ச கேக்காத கீபோர்டாக்கும் அண்ணாச்சி இப்ப நல்லது. ஆளுக அதைத்தான் கேட்டு வாங்குறாங்க."

"அவங்க வீட்டுல பேசறதுக்கு ஆளு இருக்கும்" என்றேன். மோகனன் அந்த லேப்டாப்பை மூடி வைத்தார். குனிந்து, கீழ்த்தட்டிலிருந்து ஒரு தடித்த கறுப்புப் பெட்டியை எடுத்தார். பழைய மாடல், யாரும் வாங்காமல் கிடந்தது, ஓரத்தில் ஒரு கீறல்.

நான் வாசலில்தான் நின்றேன். எவர்சில்வர் தட்டில் பச்சரிசியைக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. நிற்காமல், தடுமாறாமல். கட்டைகள் நன்றாக ஆழம் போய் ஆழம் வந்தன. மழைச் சத்தத்துக்கு மேலே அது தனியாகக் கேட்டது. திரும்பினேன். சிவகாமி திரையை என் பக்கம் திருப்பி வைத்தாள். இங்கிலீஷ் எழுத்துதான், ஆனால் பேச்சு தமிழ். நான் வெட்டிப் பழகின எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து கைகொடுத்தன.

'குடைய பஸ்ஸில விட்டாச்சு. பெரிய சாமர்த்தியசாலி.'

மாதக்கணக்கில் என்னை யாரும் திட்டியிருக்கவில்லை. மோகனன் பில் போடும்வரை நான் மழையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அதற்குப் பிறகு எத்தனை வருஷம் அந்தச் சத்தத்தில் வாழ்ந்தோம். சாயங்காலம் கோயில் மணி அடித்து ஓய்ந்ததும் அது கேட்கத் தொடங்கும். கோபம் என்றால் கட்டை கட்டையாக விழும். ஊர்க்கதை என்றால் சரசரவென்று போகும். சிரிப்பு வந்தால் அடிப்பதை நிறுத்திவிடுவாள், அந்த நிறுத்தத்தில் எனக்கும் சிரிப்பு வரும். நீளக் கட்டையை இரண்டு தரம் தட்டினால், வா என்று அர்த்தம். சில மத்தியானங்களில் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே கிடக்கும்போது, அவளுடைய பழைய குரல்தான் கேட்கிறது என்று எனக்குத் தோன்றியதுண்டு. கண்ணைத் திறக்காமல் அப்படியே கிடப்பேன்.

பிறகு போன் வந்தது, கண்ணாடி போன். சிவகாமி என்னைவிட வேகமாகப் பழகிக்கொண்டாள். இங்கிலீஷ் எழுத்தில் அவள் தட்டினால் போனே தமிழாக மாற்றிவிடுகிறது; இப்போது எனக்குத் தமிழ் எழுத்திலேயே செய்தி வருகிறது, தப்பில்லாமல் வருகிறது. கண்ணாடிமேல் விரல் ஓடுவது யாருக்குக் கேட்கும்? குரல் போனது ஒரு தரம்தான் என்று டாக்டர்கள் சொல்வார்கள். எனக்கு இரண்டு தரம்.

இன்று காலை மேல்தட்டிலிருந்து அந்தக் கறுப்புப் பெட்டியை இறக்கித் துடைத்தேன். கரண்ட் கொடுத்தும் உயிர் வரவில்லை. கட்டைகள் மட்டும் அப்படியே இருந்தன. சும்மா, நீளக் கட்டையை இரண்டு தரம் தட்டினேன்.

அடுப்படியில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது. ஈரக் கையோடு சிவகாமி வந்து கதவருகே நின்றாள். என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். சேலையில் கையைத் துடைத்துவிட்டு, இடுப்பிலிருந்து போனை எடுத்து என்னவோ எழுதினாள். என் சட்டைப்பையில் இருந்த போனில் லேசாக ஒரு நடுக்கம்.

நான் எடுத்துப் பார்க்கவில்லை. பெட்டியை அவள் பக்கம் தள்ளி வைத்தேன்.

அவள் நின்றபடியே குனிந்து, செத்துப்போன அந்தக் கட்டைகளில் நிறைய நேரம் என்னவோ அடித்தாள். திரையில் ஓர் எழுத்தும் இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். திட்டுகிறாள்தான், எனக்குத் தெரியாதா.