அத்தை தைத்த பெல்ட்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. நம் குலத்தார் மலருக்கு ஏதாவது எழுதச் சொல்லி இரண்டு தடவை ஆள் விட்டதால் எழுதுகிறேன். முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் இருக்கிறது.

எங்கள் சித்தப்பாவின் கல்யாணம் அருள்புரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. எனக்கு ஏழு வயது இருக்கும். விடிந்ததும் அப்பா என்னை எழுப்பி, கண்ணு, சோமனூர் போய் அத்தையைக் கூட்டி வரலாம் என்றார். புதுப்பாவாடை கட்டிக்கொண்டு கிளம்பினேன். அப்பா வேலை செய்த பனியன் கம்பெனி முதலாளியின் மொபெட்டை ஒரு நாளைக்கு இரவல் வாங்கியிருந்தார். பெடலும் இருக்கும், என்ஜினும் இருக்கும். அதில் முன்னால் துண்டை மடித்துப் போட்டு என்னை உட்கார வைத்தார்.

அப்பாவுக்கு மூத்தவர் அத்தை. அவர்களுடைய ஆத்தா இறந்துபோன பிறகு சித்தப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அவர்தான். மாமா இறந்ததிலிருந்து வெள்ளைச்சேலை கட்டிக்கொண்டு, மாமனார் ஊட்டுத் தறிக்குடோனில், அதாவது விசைத்தறி ஓடுகிற கொட்டகையில், வேலை பார்த்தார். எங்கள் பக்கத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் நடக்கும். பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளை கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். மறுமுனையை அவருடைய உடன்பிறந்தாள் பிடிக்க வேண்டும். தாலி இழந்தவர்கள் பிடிக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லி, சித்தப்பாவின் பெரியப்பா மகளைத் தயாராக வைத்திருந்தார்கள். சித்தப்பா வாய் திறந்து எதுவும் சொல்லாத ஆள். அன்றைக்கு மட்டும், அக்கா வராமல் சீருக்கு நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. எனக்கு அப்போது வண்டியில் போகிற சந்தோஷம்தான்.

சோமனூர் போனதும் அத்தை, முகூர்த்தம் முடிந்து சாப்பாட்டுக்கு வருகிறேன் என்றுதான் சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார். நான் அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். வந்துவிட்டார்.

சாமளாபுரம் தாண்டியதும் பட்டென்று ஒரு சத்தம். என்ஜின் கத்துகிறது, சக்கரம் சுற்றவில்லை. பெல்ட் அறுந்து பாம்புச் சட்டை மாதிரி தொங்கியது. எங்கள் இரண்டு பேரையும் வைத்துப் பெடல் மிதித்துப் பார்த்த அப்பா, மேட்டில் மூச்சு வாங்கி இறங்கிவிட்டார். நானும் அத்தையும் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். எதிரில் ஒரு தறிக்குடோன் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா பனியன் கம்பெனிக்காரர் அல்லவா. வண்டிப் பையில் துடைக்க வைத்திருந்த பனியன் வேஸ்ட்டைத்தான் எடுத்தார். முறுக்கி, பெல்ட் மாதிரி மாட்டி, இறுக்கி முடிச்சுப் போட்டார். சக்கரம் நல்லபிள்ளையாக இரண்டு சுற்றுச் சுற்றியது. பிறகு துணி நீண்டு தரையைத் தொட்டது. பனியன் துணி இழுத்த இழுப்புக்கு வரும். அதுதான் அதற்குப் பெருமை. அப்பா விடவில்லை. இன்னும் இறுக்கினார். இன்னும் நீண்டது.

மாட்டுவண்டியில் பருத்திமார் விறகு ஏற்றிப் போன ஒருவர் நிறுத்திப் பார்த்தார்.

“ஏனுங்க, வண்டிக்குக் குளுருதுங்களா, பனியன் போட்டு உடறீங்க?”

நான் சிரித்துவிட்டேன். அப்பா நிமிரவில்லை. வெயில் ஏறியது. அத்தை சன்னமாகச் சொன்னார்.

“உட்ரு சாமி. மகராசியா இருக்கறவ ஒருத்தி சேலையப் புடிச்சா அவனுக்கு நல்லதுதானே.”

“அவன் உங்களத்தானுங்கக்கா கேக்கறான்.”

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா மறுபடியும் முடிச்சைப் பிடித்து இழுத்தபோது கை வழுக்கிச் சூடான சைலன்சரில் பட்டது. கத்தவில்லை. அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் குந்தியவர், எழவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. அப்பா அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அத்தை எழுந்தார். நேராக எதிர்க் குடோனுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு குத்தூசியும் கத்தரியும் மெல்லிய தோல்வாரும் கொண்டுவந்தார். வரும்போதே வேலியோரக் கற்றாழை மடல் ஒன்றை ஒடித்து, அதன் சோற்றை அப்பாவின் கையில் வழித்துப் பூசினார். பிறகு அறுந்த பெல்ட்டை எடுத்துப் பிசிறை நறுக்கி, இரண்டு முனையிலும் ஓட்டை போட்டு, தோல்வாரைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோர்த்து இறுக்கினார். ஜடை பின்னுகிற வேகம். முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தார்.

“மெதுவாப் போ. வெரசாப் போனா மறுக்கா அத்துக்கும்.”

பெல்ட்டின் தையல் அது சுற்றுகிற உருளையில் ஏறும்போதெல்லாம் டக், டக் என்றது. வழியெல்லாம் அந்தச் சத்தம்தான்.

நாங்கள் போனபோது அந்தப் பெரியப்பா மகள் பட்டுச்சேலையோடு மணையருகில் நின்றிருந்தார். அத்தை பந்தல் காலோடு ஒதுங்கிக்கொண்டார். சித்தப்பா மாலையோடு கூட்டத்தை விலக்கி வந்து, சேலை முனையை அத்தையின் கையில் வைத்தார். அத்தை விரலை மடக்கவில்லை. சித்தப்பாவே மடக்கிவிட்டார். யாரோ முணுமுணுத்தார்கள். சீர் நடத்துகிறவர் பாட்டை ஆரம்பித்ததும் அதுவும் நின்றுபோயிற்று.

பந்தியில் நான் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு ஒரே குறை, அத்தனை நேரம் வெயிலில் காய்ந்ததுதான். கேட்டேவிட்டேன்.

“ஏனுங்கத்தை, அதைய மொதல்லயே தெச்சிருக்கலாமில்ல?”

அத்தை என் இலையில் தன் லட்டை எடுத்து வைத்தார்.

“அப்பத்தான் கண்ணு ஞாபகம் வந்துச்சு.”

சரி, அத்தைக்கும் என்னைப் போல மறதி என்று நினைத்துக்கொண்டேன். தினமும் தறிக்குடோனில் பெல்ட் தைக்கிறவருக்கு அது எப்படி மறக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அப்பாவும் அத்தையும் இப்போது இல்லை. கூறைச்சேலை அரக்கா சிவப்பா, வண்டி நின்றது சாமளாபுரத்துக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பதையெல்லாம் அச்சில் போடும் முன் சித்தப்பாவிடம் ஒரு தடவை கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். காது கொஞ்சம் மந்தம், சத்தமாகக் கேட்க வேண்டும்.