மிளகு சிவப்பது அங்கப்பனுக்குத் தெரியாது

வாழவந்திக்குப் போகிற வழியில் இருக்கிறது எங்கள் காப்பி எஸ்டேட். அதில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் அங்கப்பன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான், அதுவும் மெல்லிசு. அங்கப்பனும் அவர் மனைவி பழனியம்மாளும் சண்டை போட்டால் எங்கள் வீட்டில் ரேடியோ தேவையில்லை.

சண்டை எப்போதும் நிறத்தைப் பற்றித்தான். அங்கப்பனுக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. பாவம், பழனியம்மாளுக்குக் குறை சொல்ல வேறு எதுவும் கிடைக்கவில்லை.

சிவப்பும் பச்சையும் தனக்குப் பிரித்துத் தெரியாது என்று கல்யாணமான புதிதிலேயே அவர் சொல்லிவிட்டார். சொன்ன நேரம்தான் சரியில்லை. மிளகு பறிப்பு தொடங்கிய அன்று காலையில் போய்ச் சொன்னார்.

மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தைப் பற்றிக்கொண்டு உயரமாகப் போகும். மூங்கில் ஏணியில் ஏறிப் பார்த்து, சரத்தில் ஓரிரு மணி சிவந்திருந்தால் பறிக்க வேண்டும். எல்லாமே பச்சையாக இருந்தால் விட்டுவிட வேண்டும். "எனக்கு எல்லா மணியும் ஒரே மாதிரிதான் தெரியுது புள்ள" என்றார். பழனியம்மாள் ஏணியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். அங்கப்பனுக்கு ஏணி என்றாலே கால் நடுங்கும் என்பது எஸ்டேட் முழுக்கத் தெரிந்த விஷயம்.

"காப்பிப் பழம் பறிக்கறப்ப மட்டும் கண்ணு நல்லாத் தெரியுதுங்களாக்கும்?" என்று அவள் கேட்பதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் பறித்த பழத்தில் தேடினாலும் ஒரு காய் கிடைக்காது. பழுத்தது விரலுக்கு மெத்தென்று இருக்கும், லேசாகத் திருகினால் கையோடு வந்துவிடும் என்று அவர் விளக்குவார். தக்காளியையும் அமுக்கித்தான் வாங்குவார். கடைக்காரர் கோவிந்தராஜ் இவர் தலையைக் கண்டதும் தக்காளிக் கூடையை உள்ளே தள்ளிவிடுவார்.

அப்புறம் அந்தச் சேலை. தங்கை கல்யாணத்துக்குக் கட்ட இலைப்பச்சையில் ஒன்று வேண்டும் என்று பழனியம்மாள் கேட்டாள். அங்கப்பன் பஸ் ஏறிச் சேலம் போனார். கடையில் நிறத்தை விசாரிக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு தானே பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, செங்கல் நிறத்தில் ஒன்றை வாங்கி வந்தார். கொடுக்கும்போது முகமெல்லாம் பெருமை. அன்றைக்குச் சுவரைத் தாண்டி வந்த பேச்சை நான் இங்கே எழுதப் போவதில்லை.

மறுநாள் எங்கள் வாசலில் வந்து நின்றார். "சேலை போனாப் போவுதுங்கக்கா. நான் பொய் சொல்றேன்னு நெனைக்கறா பாருங்க, அதுதான் தாங்க முடியலீங்க. நீங்களாச்சும் அவகிட்டச் சொல்லுங்க." எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. ஆனால் என்னவென்று சொல்வது? அவர் கண்ணுக்குள் புகுந்து பார்த்தவர் யார்?

அடுத்த வருஷம் எஸ்டேட்டில் கண் பரிசோதனை முகாம் போட்டார்கள். வந்திருந்த டாக்டரம்மா ஜீப் டிரைவர் சேகரைச் சோதிப்பதற்காக ஒரு புத்தகம் கொண்டுவந்திருந்தார். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள், அவற்றுக்கு நடுவே வேறு நிறப் புள்ளிகளால் ஓர் எண். சேகர் மளமளவென்று படித்துவிட்டு எழுந்தான். பழனியம்மாள் புருஷனை இழுத்து வந்து அந்த நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"இவரையும் பாருங்கம்மா. பத்து வருசமா நடிக்கறாருங்க."

முதல் பக்கத்தில் எட்டு என்ற எண் பின்னால் நின்ற எங்களுக்கே பளிச்சென்று தெரிந்தது. அங்கப்பன் உற்றுப் பார்த்து, "புள்ளிங்க. நொம்பப் புள்ளிங்க" என்றார். அடுத்த பக்கமும் புள்ளிதான். அதற்கடுத்ததும் அப்படியே.

"தெரியலைன்னு நானுந்தான் சொல்லுவேன். இதென்ன பெரிய வித்தையா?" என்றாள் பழனியம்மாள்.

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே வேறொரு பக்கத்தைத் திருப்பினார். இந்தத் தடவை எங்களுக்குப் புள்ளிகளைத் தவிர எதுவும் தெரியவில்லை. சேகர் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"அஞ்சுங்க" என்றார் அங்கப்பன், யோசிக்கவே இல்லை. "இத்தாப் பெரிசா இருக்குதுங்களே."

"அஞ்சேதான்" என்றார் டாக்டரம்மா.

நிறத்தைப் பிரித்தறிய நம் கண்ணுக்குள் மூன்று வகைச் செல்கள் இருக்கின்றனவாம். அங்கப்பனுக்கு அதில் ஒரு வகை சரியாக வேலை செய்யவில்லை, அதனால் சிவப்பும் பச்சையும் ஒன்றாகிவிடுகின்றன. புத்தகத்தின் இந்தப் பக்கத்தில் அந்த இரண்டு நிறங்களும்தான் நம் கண்ணை ஏமாற்றி எண்ணை மறைக்கின்றன. அவரை அவற்றால் ஏமாற்ற முடியவில்லை. நடிக்கிறவரால் இந்த அஞ்சைச் சொல்லவே முடியாது என்று டாக்டரம்மா அடித்துச் சொன்னார். பிறவியிலேயே தாய்வழியாக வருவதாம்.

"அந்தப் பக்கத்துல இருந்துதான் வந்திருக்கும்னு எனக்கு அப்பவே தெரியுமுங்க" என்றாள் பழனியம்மாள். மாமியார் பேச்சு வந்தால் அவளுக்கு அது பழக்கதோஷம். ஆனாலும் முகம் சுண்டிப்போய்விட்டது, பார்க்க எனக்கே பொறுக்கவில்லை.

குனிந்து புத்தகத்தைப் பார்த்தாள். "எங்கீங்க?"

அங்கப்பன் அவள் விரலைப் பிடித்து, தாளில் படாமல், மேலாகவே அஞ்சை வரைந்து காட்டினார். அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள்.

"எனக்குத் தெரியலீங்க" என்றாள். "ஆனா நீங்க சொல்றீங்கல்ல, இருக்கும்."