நெடி வராத மிளகாய்

கண்ணூறு படுவதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும். எனக்கு அது பத்து வயது வரையும் கிடைக்கவில்லை.

எங்கள் வீட்டுக்கென்று அளந்து வந்த கண்ணூறு முழுவதும் தங்கச்சிக்கே போனது. தங்கச்சி என்றால் கூடப்பிறந்தவள் இல்லை, சின்னம்மாவின் மகள். என்னைவிடச் சில மாதங்கள் இளையவள். எண்பத்தைந்தாம் ஆண்டு வைகாசியில் சின்னம்மாவும் அவளும் ஒற்றைச் சூட்கேசோடு, ரொறன்ரோ டோர்செட் பார்க்கில் எங்கள் அப்பார்ட்மென்டுக்கு வந்து சேர்ந்தார்கள். சித்தப்பா வரவில்லை. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில், கொழும்பில் வேலைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஒருவரும் அதை அப்படிச் சொல்வதில்லை. "அவர் வந்திடுவார்" என்றுதான் சொல்வார்கள். ஆகவே நானும், அவர் ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டார் என்ற அளவில்தான் அதை எடுத்துக்கொண்டேன்.

தங்கச்சி வடிவு. அதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் அந்த வருடம் முழுவதும் மற்ற எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். தலைமயிர் இடுப்புக்குக் கீழே. சிரித்தால் இரண்டு கன்னத்திலும் குழி. சனி ஞாயிறுகளில் எங்கள் வீட்டுக்கு வரும் அன்ரிமார் சப்பாத்தைக் கழற்ற முதலே அவள் நாடியைப் பிடித்துவிடுவார்கள். "என்ன வடிவான பிள்ளை, அம்மாளாச்சி மாதிரி!" என்பார்கள். பிறகு, பக்கத்தில் ஒருத்தி நிற்பது நினைவுக்கு வந்ததும் என் பக்கம் திரும்பி, "இவ நல்லாப் படிப்பா என்ன?" என்பார்கள். நான் நன்றாகப் படிப்பவளும் இல்லை.

அன்ரிமார் எலிவேட்டரில் இறங்கியதும் அம்மா வேலையைத் தொடங்குவார். மூன்று செத்தல் மிளகாய், ஒரு பிடி உப்பு, முச்சந்தி மண். மண் கொண்டுவருவது அப்பாவின் பொறுப்பு. தொழிற்சாலையிலிருந்து வரும் வழியில், சிக்னல் விளக்குச் சந்தியில் குனிந்து கொஞ்சம் கிள்ளி, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வருவார். பனிக்காலம் என்றால், பனி உருகத் தெருவில் கொட்டிய உப்பும் அந்த மண்ணோடு சேர்ந்தே வரும். "ரெண்டும் ஒண்டாக் கிடைக்குது, உப்பு மிச்சம்" என்பார் அப்பா. அம்மா அவரை முறைப்பார்.

தங்கச்சியைக் கிழக்குப் பார்க்க இருத்தி, எல்லாவற்றையும் கைக்குள் பொத்தி மூன்று முறை சுற்றி, அடுப்பில் காய்ந்திருக்கும் பழைய தாச்சிச் சட்டியைப் பால்கனிக்குத் தூக்கிப்போய் அதற்குள் போடுவார். அதற்குப் பிறகுதான் பரீட்சை. மிளகாய் கருகும் நெடி மூக்கில் ஏறித் தும்மினால் அந்தப் பிள்ளைமேல் கண்ணூறு இல்லை. நெடியே வராவிட்டால் பொல்லாத கண்ணூறு, மிளகாயின் உறைப்பையே தின்றுவிட்டது என்று பொருள்.

தங்கச்சிக்கு ஒருநாளும் நெடி வந்ததில்லை. "பாத்தியளே, பாத்தியளே! எவ்வளவு கண்!" என்று அம்மாவும் சின்னம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைப்பார்கள். எட்டாம் மாடிப் பால்கனியில் அடித்த காற்றுக்கு ஒரு மூட்டை மிளகாயை எரித்தாலும் நெடி வந்திராது என்பது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது தெரிந்ததெல்லாம், ஊரே அவளைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறது, என்னைப் பார்த்து ஒரு நாய்கூட விடவில்லை என்பதுதான்.

எனக்குப் பொறாமை. வயிறு எரியும் என்று சொல்வார்களே, அது வெறும் பேச்சு இல்லை, உண்மையாகவே எரியும். அவளுடைய தலைமயிரின்மேலோ கன்னக் குழியின்மேலோ எனக்கு அவ்வளவு பொறாமை இருக்கவில்லை. மற்றவர்களுக்கு அவள்மேல் இருந்த பொறாமையின்மேல்தான் எனக்குப் பொறாமை. ஒருநாள் வெட்கத்தை விட்டு அம்மாவிடம் கேட்டேன்.

"எனக்கும் ஒருக்காச் சுத்துங்கோவன்."

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது எண்டு சொல்லுறது. உனக்கு அந்தக் கரைச்சல் இல்லையெண்டு சந்தோசப்படு, பிள்ளை."

அம்மா அதை ஆறுதலாகத்தான் சொன்னார். நான் குளியலறைக்குள் போய், கதவைப் பூட்டிக்கொண்டு, கண்ணாடியில் என்னை வெகுநேரம் பார்த்தேன். யாரும் பார்க்காவிட்டால் நானாவது எனக்குக் கண்ணூறு போடலாம் என்ற எண்ணம். அதற்கும் மனம் வரவில்லை.

மார்கழியில் எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது. பள்ளிக்கூடத்து விழாவில் ஐந்து பேர் சேர்ந்து பாடிய பாட்டில் நானும் ஒருத்தி. பாடி முடிந்ததும், பார்க்க வந்திருந்த ஓர் அன்ரி, "நல்லாப் பாடினாய்" என்று என் தோளைத் தட்டிவிட்டார். அடுத்த நாள் எனக்குக் காய்ச்சல். பாதிக் காய்ச்சல் உண்மை. மீதியை நான் பார்த்துக்கொண்டேன். அந்த அன்ரி தட்டிய தோள்தான் நோகிறது என்று முனகினேன். அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "சரி, வா" என்றார்.

அன்று பால்கனிக் கதவு உறைபனியில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அப்பா தோளைக் கொடுத்துத் தள்ளியும் திறக்கவில்லை. குசினிக்குள்ளேயே செய்வது என்று முடிவாயிற்று. நான் கதிரையில் கிழக்குப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். சின்னம்மா, தங்கச்சி, அப்பா எல்லோரும் சுற்றி நின்றார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு பேர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது அதுதான் முதல் தடவை. அம்மா சுற்றினார், தாச்சிக்குள் போட்டார்.

முதலில் தும்மியது அப்பா. பிறகு சின்னம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தார். அம்மா இருமி இருமிக் குனிந்துவிட்டார். நான் மட்டும் மூச்சை அடக்கி, தும்மலை விழுங்கி, கண்ணில் நீர் வடிய அசையாமல் இருந்தேன். அப்போது கூரையிலிருந்த புகை அலாரம் அலறத் தொடங்கியது. என்மேல் ஒரு கண்ணும் இல்லை என்பதை எட்டு மாடிக்கும் கேட்கும்படி அது அறிவித்தது. அப்பா கதிரையில் ஏறித் துவாயால் அதை அடித்துக்கொண்டு நிற்க, தங்கச்சி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, உங்களுக்கு ஒண்டும் இல்லை! சும்மா காய்ச்சல்தான்!"

அவள் உண்மையான சந்தோஷத்தோடுதான் சொன்னாள். எனக்கு அவளைக் கடித்துவிடலாம் போலிருந்தது.

அலாரம் ஓய முதலே கதவு தட்டப்பட்டது. கட்டடத்தைப் பராமரிப்பவரின் மனைவி. இங்கிலாந்தில் பிறந்தவர், வயதானவர், மூக்கைச் சிந்திக்கொண்டே உள்ளே வந்தார். வீட்டைவிட்டு எழுப்பப் போகிறார்கள் என்று அம்மா நடுங்கிவிட்டார். அப்பா தன் ஆங்கிலத்தைத் திரட்டி, பிள்ளைக்குக் கெட்ட கண் என்று விளக்கினார். உடனே அந்த வெள்ளைக்கார அம்மா என்னை ஜன்னலடிக்கு இழுத்துப்போய், இரண்டு இமைகளையும் விரலால் விரித்துப் பார்த்து, சிவந்துதான் இருக்கிறது, டொக்டரிடம் காட்டுங்கள் என்றார். கெட்டது என் கண் இல்லை, மற்றவர்களுடைய கண் என்று புரியவைக்க அப்பாவுக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஆகும் நேரம் எடுத்தது.

புரிந்ததும் வந்தவர் ஆறுதலாகக் கதிரையில் உட்கார்ந்து, தன் ஊர்க் கதையைச் சொன்னார். அங்கே மக்பை என்று ஒரு பறவை. கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும், வால் நீளம். நம்முடைய கரிச்சானைக் கோழி அளவுக்கு நினைத்துக்கொள்ளுங்கள் என்று அப்பா மொழிபெயர்த்தார். சோடியாக வந்தால் நல்லது. தனியாக வந்தால் துக்கம். தனியாகக் கண்டால் உடனே நெற்றியில் கை வைத்து வணக்கம் சொல்லி, உங்கள் மனைவி சுகமா என்று கேட்டுவிட வேண்டும். சோடி வீட்டில் இருக்கிறது என்று நாம் நடித்தால், வந்த துக்கம் ஏமாந்து திரும்பிப் போய்விடும். ரொறன்ரோவில் மக்பை இல்லை. அதனால் தனியாக நிற்கும் எந்தக் காகத்தைக் கண்டாலும் தான் கேட்டுவிடுவதாகவும், எதற்கு விஷப்பரீட்சை என்றும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

கதவு சாத்தியதும் அம்மாவுக்கு அடக்க முடியாத சிரிப்பு. "காகத்தோட கதைக்கிறாவாம்! நல்ல விசர்" என்றார். மிளகாய்ப் புகை இன்னும் வீட்டுக்குள் வளையம் வளையமாக நின்றது. சின்னம்மா சிரிக்கவில்லை. தங்கச்சியும் சிரிக்கவில்லை.

தை பிறந்து பள்ளிக்கூடம் திறந்ததும், தங்கச்சி வழியில் நின்று நின்று வரத் தொடங்கினாள். கார் நிறுத்துமிடத்து விளக்குக் கம்பத்தில் ஒரு காகம் தனியாக இருக்கும். கையுறையோடு கையை நெற்றியில் வைத்து என்னமோ முணுமுணுப்பாள். எனக்குக் குளிர், நான் காத்திருப்பதில்லை. ஒருநாள் சப்பாத்து நாடா அவிழ்ந்து நின்றபோதுதான் அவள் கேட்டது என் காதில் விழுந்தது.

"உங்கட அப்பா சுகமோ?"

எனக்கு வந்த புளுகத்தை, அந்தச் சந்தோஷத்தை, சொல்லி முடியாது. பிழை! அந்த வருடம் முழுவதும் ஒரு பிழையும் விடாதவள், வந்து ஆறே மாதத்தில் என்னைவிட நல்ல ஆங்கிலம் பேசியவள், மனைவி என்று கேட்க வேண்டிய இடத்தில் அப்பா என்று கேட்கிறாள். அங்கேயே திருத்தியிருக்கலாம். திருத்தினால் பிழை வீணாகிவிடும். நான் அதைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்து, அம்மா இடியப்பத்துக்குச் சொதி விடும்வரை பொறுத்திருந்தேன்.

"இவள் பிழையாக் கேக்கிறாள். மனிசி சுகமோ எண்டெல்லோ கேக்க வேணும்? இவள் காகத்திட்ட அப்பா சுகமோ எண்டு கேக்கிறாள்!"

ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பாவின் கை சாப்பாட்டுக் கோப்பையிலேயே நின்றுவிட்டது. சின்னம்மா மகளைப் பார்த்து, மெல்லிய குரலில், "காகத்திட்டயோ கேட்டனி?" என்றார். "ஓம் அம்மா, அது தனியத்தான் நிண்டது" என்றாள் அவள். சின்னம்மா கையைக்கூடக் கழுவாமல் எழுந்து அறைக்குள் போய்விட்டார்.

"காகத்திட்ட அப்பாவைக் கேக்கக் கூடாது, குஞ்சு" என்றார் அம்மா.

"ஏன் பெரியம்மா?"

அம்மா சொதிச் சட்டியை மூடி வைத்தார். அமாவாசைக்கு அமாவாசை முதற்சோற்றைப் பால்கனிக் கம்பியில் வைத்து அம்மா ஏன் காகத்தைக் கூப்பிடுகிறார், காகமாக வந்து அதைச் சாப்பிடுகிறவர்கள் யார் என்பதெல்லாம் எங்கள் இருவருக்கும் தெரியாது. அப்பா தன் பங்கு முட்டையை எடுத்துத் தங்கச்சியின் கோப்பையில் வைத்தார். அந்த முட்டையைப் பார்த்து என் வயிறு எரிந்தது. தங்கச்சி முட்டையைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் அப்படிப் பார்ப்பதை அம்மா பார்த்தார்.

அந்தச் சனிக்கிழமை சின்னம்மாவும் தங்கச்சியும் உடுப்புத் தோய்க்க நிலவறைக்குப் போனதும், அம்மா என்னைக் கூப்பிட்டார். கோட்டைப் போட்டுக்கொண்டு பால்கனிக்கு வா என்றார். அங்கே அப்பா ஏற்கெனவே ஒரு முக்காலியில் குந்தியிருந்தார். அவர் பக்கத்தில் என்னை ஒட்டினாற்போல இருத்தினார் அம்மா. கையில் மூன்று மிளகாய் அல்ல, ஒரு பிடி மிளகாய். வழக்கமாக உரத்துச் சொல்கிறவர் அன்று வாய்க்குள்ளேயே சொன்னார். "ஊர்க்கண்" என்றார். அடுத்தது "உறவுக்கண்". அதைச் சொல்லாமல் ஒரு கணம் நின்றார். பிறகு சொன்னார். எங்கள் இருவரையும் சேர்த்துச் சுற்றினார்.

"கெதியா முடியும், குளிருது" என்றார் அப்பா. அவர் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

தாச்சிக்குள் மிளகாய் கருகியது. நான் மூச்சை ஆழமாக இழுத்து இழுத்துப் பார்த்தேன். நெடி இல்லை. ஒரு பிடி மிளகாய், கொஞ்சம்கூட நெடி இல்லை! நான் எழுந்து குதித்தேன். "பாத்தியளே, எவ்வளவு கண்!" என்று நானே சொன்னேன். அம்மா தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உதைச் சின்னம்மாட்டச் சொல்லாதை. தங்கச்சியிட்டயும் சொல்லப்படாது" என்றார். பாவம், அவள் பொறாமைப்படுவாள் என்றுதான் அம்மா பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

அவள் பொறாமைப்படாவிட்டால் எனக்கு அந்தக் கண்ணூற்றால் என்ன பலன்? தோய்த்த உடுப்புகளை அவள் மடித்துக்கொண்டிருக்கும்போது போய்ச் சொன்னேன்.

"எனக்கும் நெடி வரேல்லை. ஒரு பிடி மிளகாய்!"

"ஆர்ற கண், அக்கா?"

"ஆருக்குத் தெரியும்? என்னையும் அப்பாவையும் சேத்து வைச்சுத்தான் அம்மா சுத்தினவ. நீங்கள் கீழ போன நேரம்."

அவள் மடித்து வைத்த துவாயை விரித்து, மறுபடியும் மடித்தாள்.

அதுவரை, பின்னேரங்களில் அப்பாவின் திறப்பு கதவில் திரும்பும் சத்தம் கேட்டால் நாங்கள் இருவரும்தான் ஓடுவோம். நான் சோற்றுப் பெட்டியைப் பறிப்பேன். அவள் ஒன்றும் கேட்கமாட்டாள். அவர் சப்பாத்தைக் கழற்றி, கோட்டைக் கொழுவி முடிக்கும்வரை சும்மா பார்த்துக்கொண்டு நிற்பாள், அவ்வளவுதான். திங்கட்கிழமை நான் மட்டுமே ஓடினேன். அவள் சுவரைப் பார்த்தபடி புத்தகத்தோடு இருந்தாள். அப்பா போய் வழக்கம்போல அவள் தலையைத் தடவி, "என்ன பிள்ளை, இண்டைக்குப் பள்ளிக்கூடம் எப்பிடி?" என்றார். அவள் திரும்பினாள். கண்களை இறுக்கி மூடிக்கொண்டே, "நல்லம் பெரியப்பா" என்றாள்.

"ஏன், கண் நோகுதோ?"

"ஓம்."

நான் சோற்றுப் பெட்டியோடு பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவளுக்கும் என்மேல் பொறாமை வந்துவிட்டது, என் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று நினைத்தேன். அன்று முழுவதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.